ஹவில்தார் பயோடேட்டா

நம்ம ஊரில் மிலிட்டரிக்காரருக்கு இருக்கிற மவுசே தனி. ரிடையராகி வந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் தெருவே வாசலில் கூடிவிடும். “கார்கில்ல இருந்தீங்களா சார்?”, “பனியில ரொம்பக் குளிருமா சார்?” என்றெல்லாம் தேசபக்தி பொங்க விசாரிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு குரலை இறக்கி, அக்கம்பக்கம் பார்த்து, கடைசிக் கேள்வி வரும்.

“கேன்டீன் கார்டு உண்டுதானே சார்?”

ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். தேர்த் திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கவும் அவர்தான். தெருவில் பாம்பு வந்தால்கூட அவரைத்தான் எழுப்புவார்கள், ஏதோ எல்லைப் பாதுகாப்பில் பாம்பும் சேர்த்தி என்பது போல. ஆனால், அதே மனிதர், “ஒரு வேலை இருந்தா சொல்லுங்க” என்று கேட்டுப் பார்க்கட்டும். அத்தனை பேரும் கோரஸாக ஒரே பதில்தான் சொல்வார்கள்.

“செக்யூரிட்டிக்கு ட்ரை பண்ணலாமே சார்!”

செக்யூரிட்டி வேலை மட்டம் என்று சொல்ல வரவில்லை. முன்னாள் ராணுவத்தினருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1986-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த ‘டெக்ஸ்கோ’ கழகத்தால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிகிறது. நான் கேட்பது வேறு. டாங்க் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர், ரேடார் ரிப்பேர் பார்த்தவர், ஆஸ்பத்திரியில் அசிஸ்டென்டாக இருந்தவர், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் கட்டிக் காத்தவர்... இத்தனை பேருக்கும் நாம் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, அதுவும் கேட்டுக்கு வெளியே, போட்டு வைத்திருக்கிறோமே, அது எப்படி?

இந்தச் சந்தேகம் எனக்கு வரக் காரணம், பக்கத்துப் போர்ஷன் ஹவில்தார்.

அடியேன் பீ.காம். வயசு முப்பத்து நாலு. “பத்திரிகைக்கு எழுதறேன்” என்றால், “சரி, வேலை என்ன பண்றீங்க?” என்று கேட்கப்படும் இனத்தைச் சேர்ந்தவன். ஆவடியில் எங்கள் தெருவில் யாருக்கு எந்த ஃபாரம் நிரப்புவதானாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, பட்டா மாறுதல், பேங்க் மேனேஜருக்குப் புகார்... காதல் கடிதம் நீங்கலாக எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். (காதலிப்பவர்கள் இப்போது கடிதம் எழுதுவதில்லை என்பதால்தான் அந்த நீங்கல்.) அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மிகச் சரியாக ஏழு மணிக்கு ஹவில்தார் என் வாசலில் வந்து நின்றார். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறு அம்பத்தெட்டுக்கே வந்து, இரண்டு நிமிஷம் மாடிப்படியில் காத்திருந்து, அப்புறம் மணி அடித்ததாகப் பிற்பாடு அவர் மனைவி சொன்னார்.

“தம்பி, ஒரு பயோடேட்டா எழுதணும்.”

வேலூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருந்து இருந்து, ‘ராணுவப்பேட்டை’ என்றே அதற்குப் பேர் விழுந்துவிட்டது. நம் ஹவில்தாரின் ஊரும் கிட்டத்தட்ட அதே ஜாடைதான். ப்ளஸ் டூ முடித்து, பத்தொன்பது வயசில் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி ஜெயித்து, சிக்னல்ஸ் படையில் சேர்ந்தார். சிக்னல்ஸ் என்றால் பச்சை, மஞ்சள், சிவப்பு அல்ல. ராணுவத்தின் தகவல் தொடர்பைக் கவனித்துக்கொள்கிற படை. 1911-ல் தொடங்கியது. ஜபல்பூரில் பயிற்சி. அப்புறம் இருபது வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு, முப்பத்தொன்பது வயசில் பென்ஷன்.

முப்பத்தொன்பது! நாமெல்லாம் ஹவுஸிங் லோனுக்கு அப்போதுதான் கையெழுத்துப் போடுகிற வயசு. ராணுவம் எப்போதும் இளமையாகவே இருக்க வேண்டும் என்பதால், சிப்பாய்களைச் சீக்கிரமாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதினைந்து வருஷ சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. இப்படி முப்படைகளிலிருந்தும் வருஷத்துக்குச் சுமார் 60,000 பேர் வெளியே வருகிறார்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தொட்டும் தொடாமலும் இருப்பவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். ஹவில்தாருக்கு வருகிற பென்ஷன் வாடகைக்கும் மளிகைக்கும் கணக்காகப் போய்விடும். மகள் அடுத்த வருஷம் காலேஜ்.

“என்ன வேலைக்கு அண்ணே?”

“கம்ப்யூட்டர் லைன்ல தம்பி.”

டிஸ்சார்ஜ் புக்கை நீட்டினார். இருபது வருஷமும் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தேறிய கோர்ஸ்கள், வாங்கிய மெடல்கள், ‘கேரக்டர்: எக்ஸெம்ப்ளரி’. அதாவது, முன்மாதிரியான நடத்தை. என் காலேஜ் டீ.சி.யில் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்றுதான் போட்டிருக்கிறார்கள், அதுவும் பிரின்சிபால் நல்ல மூடில் இருந்ததால்.

“சரிண்ணே, வேலையைப் பத்திச் சொல்லுங்க. எங்க இருந்தீங்க?”

“வடக்க.”

“வடக்கன்னா?”

“ரொம்ப வடக்க.”

“என்ன மிஷின் பார்த்துக்கிட்டீங்க?”

“ஒரு மிஷின்.”

“அது என்ன பண்ணும்?”

“பேசும்.”

‘ஙே’ என்று விழித்தேன். அவர் விளையாடவில்லை. எந்த இடம், என்ன கருவி, எந்த அலைவரிசை என்று வெளியே சொல்லக் கூடாது. இருபது வருஷம் வாயைக் கட்டிப் பழகிய மனிதரிடம்தான், “உங்களைப் பற்றி நீங்களே பெருமையாக நாலு வரி சொல்லுங்கள்” என்று நம் கம்பெனிகள் கேட்கின்றன. அவர் என்னத்தைச் சொல்வார்?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இடத்தையும் கருவியையும் விட்டுவிட்டு, வேலையை மட்டும் நோண்டி நோண்டிக் கேட்டேன். கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினால் ஒவ்வொரு குடமாக வருமே, அப்படி வந்தது.

பதினாலாயிரம் அடி உயரத்தில், மைனஸ் இருபது டிகிரியில், ஜெனரேட்டர் டீசல் கூழாக உறைந்துவிடும். அதைச் சூடு காட்டி இளக்கி, ஜெனரேட்டரைக் கிளப்பி, இரண்டு முகாம்களுக்கு நடுவே இருந்த இணைப்பு அறுந்துவிடாமல் ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறார். ஒரு வழி போனால் மாற்று வழிக்கு எத்தனை நிமிஷத்தில் மாற வேண்டும் என்பதற்கு ஒத்திகை வைத்திருக்கிறார். ஷிஃப்ட் மாறும்போது ரிஜிஸ்டரில் எழுதாமல் ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. புது ஆட்களுக்கு ரவுட்டர், ஸ்விட்ச், ஃபைபர் வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறார். பதினோரு பேர் அவருக்குக் கீழே. அவர் பொறுப்பில் இருந்த ஸ்டோர்ஸில் இருந்த கருவிகளின் விலை, கோடிகளில்.

“ஸ்டாக் லெட்ஜர் யாருண்ணே எழுதினது?”

“நான்தான்.”

“ஆடிட் அப்ஜெக்‌ஷன்?”

“ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைஞ்சாக்கூட நம்ம சம்பளத்துலதானே பிடிப்பாங்க!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. கோடிக்கணக்கில் ஸ்டாக், வருஷா வருஷம் ஆடிட், ஒரு அப்ஜெக்‌ஷன்கூட இல்லை. சிப்பாயின் வீரத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, இந்த வீரம் ஒரு பீ.காமுக்குப் புரியும்.

அப்புறம் வந்தது பெரிய சிக்கல். அவர் வாயில் ‘நான்’ என்ற வார்த்தையே வராது. எல்லாம் ‘நாங்க’தான். ‘நாங்க கேபிள் போட்டோம்’, ‘நாங்க லிங்க்கை எழுப்பினோம்’.

“அண்ணே, பயோடேட்டாவுல ‘நான்’னுதான் எழுதணும்.”

“பதினோரு பேர் குளிர்ல நின்னு செஞ்சதை நான் செஞ்சேன்னு எப்படி தம்பி எழுதறது? அவங்கள்ல யாராவது படிச்சா என்ன நினைப்பான்?”

அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமான கவலை இருந்தது. ஆபீஸில் பக்கத்து சீட்காரன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தயாரித்த ரிப்போர்ட்டில் தன் பெயரைப் போட்டு மேலே அனுப்புகிற கலையைக் கரைத்துக் குடித்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களில் ஒருத்தரைக் கூட்டி வந்து இவருக்கு க்ளாஸ் எடுக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. கடைசியில், ‘பதினோரு பேர் கொண்ட குழுவை நடத்தி...’ என்று ஆரம்பித்து ராஜி ஆனோம். அதற்கே அரை மனசாகத்தான் தலையாட்டினார்.

பயோடேட்டா ரெடி. கம்பெனிகளின் வெப்சைட்டில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. முதல் கட்டம்: ‘டிகிரி’. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பத்தாவது தேறிப் பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு, டிகிரிக்குச் சமமானது என்று ராணுவம் ஒரு சர்ட்டிஃபிகேட் தருகிறது. டிகிரி கேட்கிற மத்திய அரசின் ‘சி’ பிரிவு வேலைகளுக்கு, தனித் தொழில்நுட்பத் தகுதி கேட்காதவரை, அது செல்லும். அந்தப் பிரிவில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பத்து சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால், தனியார் கம்பெனியின் கம்ப்யூட்டர் அந்த சர்ட்டிஃபிகேட்டைக் கண்ணால் பார்த்தது கிடையாது. பீ.ஏ., பீ.எஸ்சி., பீ.காம்., பீ.ஈ. எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ‘இருபது வருஷம் லைன் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்’ என்று ஒரு வரி இல்லை. தற்போதைய சம்பளம் என்ன? (ரேஷனை எதில் சேர்ப்பது?) நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? கடைசி வேலையை ஏன் விட்டீர்கள்? “வயசாயிடுச்சுன்னு அனுப்பிட்டாங்கன்னு போடுங்க தம்பி” என்றார் முப்பத்தொன்பது வயசுக்காரர்.

முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு அனுப்பினோம். பதில் வந்தவை எல்லாம் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ ரகம். பெண்ணின் காலேஜ் ஃபீஸ் காத்திருக்காது இல்லையா? ஹவில்தார் ஓசைப்படாமல் ஒரு ஏஜென்ஸியில் சேர்ந்து, ஒரு ஐ.டி. கட்டடத்தில் செக்யூரிட்டியாகப் போய் நின்றார். பன்னிரண்டு மணி நேரம். பதினெட்டாயிரம் சம்பளம்.

ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில் பார்த்தேன்.

“சர்வர் ரூம் வாசல்ல போட்டிருக்காங்க தம்பி. கார்டு இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாது. இன்னிக்கு உள்ள ஒரு ஃபேன் சத்தம் மாறிச்சு. பேரிங் போகுது, கேட்டாத் தெரியும். அங்க இருந்த பையன்கிட்ட சொன்னேன். ‘நீங்க கதவைப் பாருங்க’ன்னுட்டான்.”

“அப்புறம்?”

“கதவைப் பார்த்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பையன் மேல் எனக்குப் பெரிய வருத்தமில்லை. காக்கிச் சட்டைக்குள் யார் இருக்கிறார் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கதவுக்கு இந்தப் பக்கம் இருபது வருஷ அனுபவம், அந்தப் பக்கம் அதற்கு வேலை, நடுவில் ஒரு கார்டு.

இத்தனைக்கும் நம் ஆபீஸ்கள் பேசுகிற பாஷையைக் கவனியுங்கள். காலையில் ‘டார்கெட்’. மத்தியானம் ‘ஸ்ட்ராட்டஜி’. புது சாஃப்ட்வேரை ஏற்றினால் ‘டிப்ளாய்மென்ட்’. ஏஸி ரூமில் நாலு பேர் பீட்ஸா தின்றால் அதற்குப் பேர் ‘வார் ரூம்’. இன்டர்நெட்டின் பாட்டனான ‘ஆர்ப்பாநெட்’டே 1969-ல் அமெரிக்க ராணுவ இலாகாவின் காசில் பிறந்ததுதான்.

தீயணைப்புக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. ‘ஃபயர்வால்’ என்பார்கள். “நேத்து முழுக்க ஃபயர்ஃபைட்டிங்ப்பா” என்று அலுத்துக்கொள்வார்கள், ஒரு பக்கெட் தண்ணீர்கூடத் தூக்காமல். வார்த்தை மட்டும் இல்லை, வழிமுறையே அவர்களுடையது. 1970-ல் கலிஃபோர்னியாவில் பெரிய காட்டுத் தீ. பல ஊர்ப் படைகள் வந்து குவிந்தன. யார் யாருக்கு உத்தரவு போடுவது என்று ஒரே குழப்பம். அதன் பிறகு தீயணைப்புத் துறைகள் உட்கார்ந்து பேசி ஒரு முறையை வகுத்தார்கள். பொறுப்பு ஒருத்தர் கையில். அவர் சொல்வதுதான் உத்தரவு. நிலவரத்தை வெளியே சொல்ல ஒரு ஆள். நேரம் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு ஆள். இன்றைக்கு சர்வர் படுத்துவிட்டால் கூகுள் எஞ்சினீயர்கள் பின்பற்றுகிற முறை இதை ஒட்டி அமைத்ததுதான். அவர்களே புத்தகம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, வார்த்தை வேண்டும், வழிமுறை வேண்டும். அதிலேயே ஊறின ஆள் மட்டும் கேட்டுக்கு வெளியே!

ஹவில்தார் புலம்புகிற ஜாதி இல்லை. அடுத்த மாதமே ‘சி.சி.என்.ஏ.’வுக்குப் படிக்க ஆரம்பித்தார். சிஸ்கோ கம்பெனி நடத்துகிற நெட்வொர்க் பரீட்சை. டிகிரி கேட்க மாட்டார்கள், தேறினால் போதும். கட்டணம் 300 டாலர். அண்ணி சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று போர்டு மாட்டி எண்பதாயிரம் கேட்ட ஒரு இன்ஸ்டிட்யூட்டின் வாசல் வரை போய்விட்டு, “உத்தரவாதத்தை எழுத்துல தருவீங்களா?” என்று கேட்டுத் திரும்பி வந்துவிட்டார். வீட்டிலேயே படித்தார். காலை நாலு மணிக்கு மாடியில் லைட் எரியும். கஷ்டம் பாடத்தில் இல்லை, பாஷையில். இருபது வருஷம் எல்லாவற்றையும் ஹிந்தியில் பேசி, செய்து பழகியவருக்குக் கேள்வித்தாள் இங்கிலீஷில். மகள்தான் வாத்தியார். முதல் தடவை கோட்டை விட்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி எழுதித் தேறினார்.

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் என் காலேஜ் சிநேகிதன் இருக்கிறான். அவனிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டேன். “வேலை கொடுக்க வேணாம். வெப்சைட்ல போடாம, உங்க மேனேஜரை நேர்ல கால் மணி நேரம் பார்க்கச் சொல்லு.”

அதற்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டு ஹாலில் மாதிரி இன்டர்வியூ வைத்தேன். கதவைத் திறந்ததும் சல்யூட் அடித்தார். வேண்டாம் என்றேன். “உட்காருங்க” என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார், முதுகு நாற்காலியில் படாமல். நானும் நிஜ ஹெச்.ஆர். மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “டீம்ல ஒரு கான்ஃப்ளிக்ட் வந்தா எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

யோசித்தார். “கான்ஃப்ளிக்ட்னா... எந்த செக்டார் சார்?”

நல்ல வேளையாக மறுநாள் அந்த மேனேஜர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம். “ராத்திரி ரெண்டு மணிக்கு மெயின் லிங்க் போயிடுச்சு, மேலதிகாரி போனை எடுக்கலை. என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். கால் மணி நேர இன்டர்வியூ ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது.

ஒரு வருஷ கான்ட்ராக்ட். இரவு ஷிஃப்ட். இருபத்திரண்டாயிரம். செக்யூரிட்டி சம்பளத்தைவிட நாலாயிரம்தான் அதிகம். ஆனால், கதவுக்கு உள்ளே. டீம் லீடருக்கு இருபத்து நாலு வயசு. இவர் எழுந்து நின்று “சார்” என்பார். அந்தப் பையன் பதறிப்போய் அவனும் எழுந்து “சார்” என்பான். முதல் ஒரு வாரம் அந்த செக்‌ஷனில் யாரும் உட்காரவே இல்லை என்று கேள்வி.

மூன்றாவது மாதம் மழைநீர்க் கால்வாய் தோண்டிய ஒரு ஜே.சி.பி., ஃபைபர் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டது. ராத்திரி ஒண்ணே முக்காலுக்குத் திரை முழுக்கச் சிவப்பு. போனில் ஒரே நேரத்தில் ஒன்பது பேர் கத்துகிறார்கள். நம்மவர் ஒரு பேப்பரை எடுத்து மணியைக் குறித்திருக்கிறார். “ஒவ்வொருத்தரா சொல்லுங்க சார்” என்றாராம். சத்தமாகச் சொல்லவில்லை, அந்தத் தொனிக்குச் சத்தம் தேவைப்படவில்லை. மாற்று வழிக்கு மாற்றுகிற பொறுப்பு டீம் லீடரிடம், கேபிள் கம்பெனியோடு பேசுவது இன்னொருத்தரிடம், வாடிக்கையாளருக்கு நிலவரம் சொல்வது வேறொருத்தரிடம். இவர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். நாற்பது நிமிஷத்தில் எல்லாம் பச்சை. விடிந்ததும் அந்தப் பேப்பரைப் பார்த்த மேனேஜர், “இது யார் எழுதினது?” என்று கேட்டிருக்கிறார்.

“நாங்க எழுதினோம் சார்.”

திருந்தவே மாட்டார்!

நிற்க. ஒரு ஹவில்தாருக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரன் கிடைத்துவிட்டான். 60,000 பேருக்கு? அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது தப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தில் மறுவாழ்வுக்கென்றே ஒரு இயக்குநரகம் இருக்கிறது. ஓய்வுக்கு முன்பே பயிற்சி வகுப்புகள் உண்டு, கம்ப்யூட்டர் உள்பட. மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆனால், வகுப்பு முடிந்து சர்ட்டிஃபிகேட்டோடு வருகிறவருக்கும் ஆபீஸ் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பத்தடி தூரம் இருக்கிறது. அங்கேதான் பாலம் இல்லை.

அமெரிக்காவில் அந்தப் பத்தடியைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். ‘ஸ்கில்பிரிட்ஜ்’ என்று ஒரு ஏற்பாடு. சர்வீஸின் கடைசி 180 நாள் வரை சிப்பாய் ஒரு தனியார் கம்பெனியில் போய் வேலை பழகலாம். சம்பளம் ராணுவமே கொடுக்கும். ராணுவத்தில் பார்த்த வேலையின் குறியீட்டைத் தட்டினால், வெளியே அதற்கு என்னென்ன வேலை பொருந்தும் என்று பட்டியல் தருகிற வசதியும் உண்டு. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்ததை அங்கே மிஷின் பாதி செய்துவிடுகிறது. வயசைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழி உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார். (கோபால் என்றதும் நம்ம பக்கத்துத் தெரு கோபாலை நினைக்க வேண்டாம்.) அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல். 1986-ல் அவர் ஓய்வு பெற்றபோது வயசு 79. அதற்கப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகராகப் போய்ச் சேர்ந்தார்! நாம் முப்பத்தொன்பதைப் பார்த்து யோசிக்கிறோம்.

இனிமேல் யோசிக்க நேரமும் இல்லை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு நாலே வருஷம்தான் சர்வீஸ். அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். கையில் சுமார் 11.71 லட்சம், பென்ஷன் கிடையாது. முதல் வருஷத்துக்கு மட்டும் அறிவித்த எண்ணிக்கை 46,000. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுப் பையன்கள். பயிற்சியையே பாதி மார்க்காக எடுத்துக்கொண்டு டிகிரி தர இக்னோ பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருப்பது நல்ல விஷயம். அந்த வெப்சைட்டின் சிவப்பு நட்சத்திரத்தையாவது தாண்டிவிடுவார்கள். ஆனால், ‘என்ன மிஷின்?’, ‘ஒரு மிஷின்’ கட்டத்தைத் தாண்ட யாராவது பக்கத்தில் உட்கார வேண்டுமே!

அந்த யாராவது, ஆபீஸில் வேலை பார்க்கிற நீங்கள்தான். வேறு யார்? உங்களிடம் சல்யூட் கேட்கவில்லை, சந்தா கேட்கவில்லை. உங்கள் தெரு மிலிட்டரிக்காரரிடம், “பட்டாளத்துல என்ன ட்ரேடு சார்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேட்டு, அதை உங்கள் ஆபீஸ் பாஷையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ‘தெரிந்தவர்களை சிபாரிசு செய்யலாம்’ என்று உங்கள் ஹெச்.ஆர். அனுப்புகிற மெயிலுக்கு, மச்சினன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு ராத்திரி எதிரே உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். எல்லோருக்கும் இந்த லைன் சரிப்படாது. சிலருக்குக் கம்ப்யூட்டரே பிடிக்காது. சிலருக்குச் சின்னப் பையனை “சார்” என்று கூப்பிட மனசு வராது. சரிப்படுகிறவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹவில்தார் வாய்வழியாக விளம்பரம் செய்துவிட்டார் போலிருக்கிறது. என் மேஜையில் இப்போது நாலு டிஸ்சார்ஜ் புக். ஒருத்தர் ஏர்ஃபோர்ஸ். இரண்டு பேர் ஆர்மி. நாலாமவர் கடற்படை. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய முறை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “இத்தனை வருஷமா எங்க சார் இருந்தீங்க?” என்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ரகசியம் எதுவும் வெளியே போய்விடாதபடி ஜாக்கிரதையாகச் சொன்னார்.

“தண்ணியில.”